எண்ணெய்த் தொட்டியின் மூடி

என் மகிழுந்து 1988-ஆம் ஆண்டுத் தயாரிப்பு, கார்புரேட்டர் வகை. கம்பாரிலிருந்து ஈப்போவுக்குப் புறப்பட்டால் கோப்பெங்கை நெருங்கும்போது திணறி நின்றுவிடும். கால் மணி நேரம் ஓரங்கட்டினால் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். பட்டறையில் வடிகட்டியை மாற்றினார்கள், பம்பை மாற்றினார்கள், கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவினார்கள். 400 ரிங்கிட் போயிற்று, நோய் போகவில்லை.

அவ்வாரம் மாணவன் ஒருவனின் தந்தையைப் பள்ளிக்கு அழைத்திருந்தேன். பத்து மணிக்குமேல் பையன் எழுதுவதே இல்லை. சோம்பேறி என்று முறையிடத்தான். அவர் லாரி பழுதுபார்ப்பவர். பேச்சு எப்படியோ என் வண்டிக்குத் திரும்பியது.

"எத்தனை நிமிசத்துல நிக்குது ஐயா? தொட்டி நிறைஞ்சிருந்தா சீக்கிரமா நிக்குதா?"

ஆம், நிரப்பிய நாளில்தான் விரைவில் நின்றது. இதை எவரும் என்னிடம் கேட்டதில்லை.

"அடுத்த தடவை நின்னதும் எண்ணெய் மூடியைத் திறந்து காது கொடுங்க."

அவ்வாறே செய்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது; வண்டி உடனே கிளம்பியது. பெட்ரோல் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று நுழைய வேண்டும். மூடியிலிருந்த ஊசித்துளை அழுக்கால் அடைபட்டிருந்தது. உள்ளே வெற்றிடம் இழுக்க, பம்பு எப்படி உறிஞ்சும்? புது மூடியின் விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முறையீட்டைச் சொல்லாமலே அவரை அனுப்பியிருந்தேன். மறுநாள் பையனிடம் ஏன் எழுதுவதில்லை என்று முதன்முறையாகக் கேட்டேன்.

"பத்து மணிக்கு மேல சன்னல் வெயில் பலகையில அடிக்குது ஐயா. என் இடத்துலேர்ந்து ஒன்னும் தெரியாது."

அவன் நாற்காலியில் அமர்ந்து பார்த்தேன். தெரியவில்லை.