பழவேற்காட்டில் ஒரு பகல்

தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமையன்று, எம் பங்கைச் சேர்ந்த பன்னிரண்டு குடும்பங்கள் பழவேற்காட்டுக்குப் பயணமாயின. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியைக் கடந்து செல்லும் சாலை முடியுமிடத்தில் உள்ளது இவ்வூர். எங்களுக்கு வழிகாட்ட இசைந்தவர், கடல் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர்.

முதலில் மகிமை மாதா ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். போர்ச்சுகீசியர் 1515ஆம் ஆண்டில் இங்கு ஆலயம் எழுப்பினர் என்பது வழிவழிச் செய்தி. அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுவே. இங்கு நெய்த துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, நறுமணப் பொருள்களாகத் திரும்பின. பஞ்சத்தில் விற்கப்பட்ட ஏழை மக்களும் அடிமைகளாக அதே கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என்பதை மறைத்தல் தகாது. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதரும் அகழியுமே எஞ்சியுள்ளன. கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கப்பட்டுள்ள எலும்புக்கூடுகளைக் கண்ட சிறுவர்கள் சற்று நேரம் பேச்சடங்கி நின்றனர்.

பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கக் குப்பத்தை அடைந்தோம். ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் ஏரி. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே; இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீர் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடப்பது, 1971இல் முதல் ராக்கெட் விண்ணேறிய ஸ்ரீஹரிகோட்டாத் தீவு.

“முகத்துவாரம் மண்மூடிப் போனா எங்க அடுப்பும் மூடிப்போச்சுன்னு அர்த்தம், சாமி” என்றார் பெரியவர். கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் அவ்வழியேதான் ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வழி அடைபட்டால் இறால் வரவு குறையும். படகுகளும் கடலுக்குச் செல்ல இயலாது.

பின்னர் அவர் ‘பாடு’ என்னும் முறையை விளக்கினார். இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பகுதிகளுக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் அவற்றை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. எவருக்கு எந்நாளில் எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பர். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் நாளை மற்றவருக்கு வழிவிட வேண்டும். வலியவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்ள இடமில்லை. இம்முறையில் பங்கு பெறாத குப்பங்களும் உண்டு. அவர்களது மனக்குறையும் உண்மையே. ஆயினும், சீட்டில் விழுந்ததைச் சச்சரவின்றி ஏற்கும் அம்மக்களைப் பற்றிக் கேட்டபோது, திருத்தூதர்கள் சீட்டுப் போட்டு மத்தியாவைத் தேர்ந்துகொண்டது என் நினைவுக்கு வந்தது.

மாலை வெயில் தணிந்தது. தொலைவில் பூநாரைகள் இளஞ்சிவப்பு வரிசையாய் நின்றன. அவற்றை அருகில் காண வேண்டுமென்று சிறுவர்கள் படகு கேட்டனர். பெற்றோரும் பணம் தரத் தயாராயினர். யானும் மறுக்கவில்லை, உண்மையில், எனக்கும் ஆவல் இருந்தது.

பெரியவர் தலையசைத்து மறுத்தார். “வேணாம் சாமி. பிள்ளைங்க இருக்காங்க” என்றார்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்பு விழாவன்று மகிழ்ந்திருக்க வந்த உறவினர் குழு ஒன்று இங்கே படகேறியது. எவரிடமும் உயிர்காப்பு மேலாடை இல்லை. படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. இந்த ஏரி பெரும்பாலும் ஆள் உயரத்துக்கும் குறைந்த ஆழமுடையது. ஆதலால் பார்ப்போர் அஞ்சுவதில்லை. முகத்துவாரத்தின் நீரோட்டத்தை அறிந்தவரே அஞ்சுவர்.

அன்று அவர் இசைந்திருந்தால், அவருக்குத் தெரிந்த ஒரு படகுக்காரருக்கு நல்ல வருமானம் கிடைத்திருக்கும். அதை வேண்டாமென்று தள்ளியவர் அவர். குழந்தைகளை என் பொறுப்பில் அழைத்துச் சென்றிருந்தும் தயங்காமல் இசையவிருந்தவன் யான். பேருந்தில் திரும்பும்போது இந்த எண்ணம் என்னைவிட்டு அகலவில்லை.

அன்பர்களே, நீங்களும் பழவேற்காட்டுக்குக் குடும்பத்தோடு செல்லுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை பறவைகளைக் காணலாம். பெண்கள் முடையும் பனையோலைப் பொருள்களைப் பேரம் பேசாது வாங்குங்கள். ஏரியைக் கரையில் நின்று கண்டு மகிழுங்கள். அவ்வூரார் வேண்டாமென்று சொன்னால், அதை அன்பின் சொல்லாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.