வரிக்குதிரைக்கு முட்டி எங்கே?

குதிரை மேல கோடு போட்டா வரிக்குதிரை ஆயிடும்னு நினைக்கிறீங்களா? அனிமேஷன்ல அது செல்லாதுங்க.

பின்னங்காலில் பின்பக்கமா துருத்திட்டு இருக்கே, அது முட்டி இல்லை, கணுக்கால்! நிஜ முட்டி மேலே, வயிற்றை ஒட்டி. சந்தேகம்னா படப்பை ரோட்டுக்கு நடுவில் நிற்கிற மாட்டைப் பாருங்க, அதே கதைதான். எலும்பு, தசைன்னு உள்ளேயிருந்து கட்டினால்தான் தோல் சரியா அசையும், கோடும் கூடவே நெளியும்.

2012-ல் வந்த 'லைஃப் ஆஃப் பை'யில் கால் ஒடிஞ்சு படகில் கிடந்த வரிக்குதிரை, ரிதம் அண்ட் ஹியூஸ் கம்ப்யூட்டரில் செஞ்சது. மும்பை, ஹைதராபாத்திலும் அவங்களுக்கு ஸ்டூடியோ இருந்தது. 2013 பிப்ரவரியில் கம்பெனி திவால் மனு போட்டது. அதே மாசம் அந்த வேலைக்கு ஆஸ்கர்!

வரிக்குதிரை கோடும் நாம அடிக்கிற கோடும் ஒண்ணுதான் மக்கா. சரியா இருந்தா யார் கண்ணுக்கும் தெரியாது.