பாய் விரிக்கும் சொகுசுக் கப்பல்

கரீபியன் கடலில் ஓடும் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். அதே கடலில் குளிர்காலத்தில் வலம்வரும் 'விண்ட் சர்ஃப்' கப்பலில் 342 பேருக்குத்தான் இடம். இதற்கு ஐந்து பாய்மரங்கள், ஏழு பாய்கள். கயிறு இழுக்க ஆள் வேண்டாம். எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. மாலையில் பாய்கள் விரிவதைப் பார்க்க மேல்தளத்தில் கூட்டம் கூடிவிடும்.

ஜோஸ்ட் வான் டைக் போன்ற குட்டித் தீவுகளின் அருகிலேயே நங்கூரம் போடுவார்கள். உடனே கப்பலின் பின்பக்கம் ஒரு மேடை இறங்கும். அதிலிருந்தே கடலில் குதித்து நீந்தலாம், கயாக் ஓட்டலாம். கேப்டன் நிற்கும் அறைக்குள்கூடப் போய்ப் பார்க்க விடுவார்கள். பெரிய கப்பலில் இதெல்லாம் நடக்குமா? இரவுச் சாப்பாட்டுக்கு கோட், டை அவசியமில்லை; பிடித்தவர்களோடு உட்காரலாம்.

ஆனால், வாட்டர் ஸ்லைடு, பிரமாண்ட நடன நிகழ்ச்சிகளை எதிர்பார்க்கக் கூடாது. அறைகளில் பால்கனி கிடையாது, வட்ட ஜன்னல்தான். குழந்தைகளுக்குத் தனி விளையாட்டுக் கூடம் இல்லாததால் வாண்டுகளுக்கு இரண்டாம் நாளே போரடித்துவிடும். கப்பல் சிறியது என்பதால் ஆட்டமும் கொஞ்சம் அதிகம். தலைசுற்றல், வாந்திக்கான மாத்திரை பெட்டியில் இருக்கட்டும். அடிப்படைக் கட்டணத்தில் மதுவும் வைஃபையும் சேராது. சைவம் மட்டுமே சாப்பிடுபவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.