பொழுது சாயும் நேரத்திலிருந்து பின்னோக்கி

மெக்சிகோவில் குடும்பத்தோடு நீண்ட கார்ப் பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தால், நான் முதலில் ஒரு தாளில் எழுதுவது அந்தந்த ஊரில் பொழுது சாயும் நேரத்தைத்தான். டிசம்பர் நடுவில் குவாதலஹாராவில் சூரியன் மறைய மாலை ஆறே கால் ஆகிவிடும். அதே கடிகார நேரத்தில் இயங்கும் மெரிடாவில் ஐந்து இருபதுக்கெல்லாம் மறைந்துவிடும். கிழக்கு மேற்காக நாடு அத்தனை நீளம். கிழக்குக் கோடியில் உள்ள கிந்தானா ரோ மாநிலம் 2015 முதல் டிசம்பரில் இவ்விரு ஊர்களையும்விட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. இதையெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் வரைபடத்தை விரிப்பேன்.

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது கணவர். டெக்சாஸிலிருந்து லாரேடோ எல்லையைக் கடந்தால் அவர் கண் சாலையில் இருக்கும். எந்த ஊரில் இறங்குவது, எந்த அறை, எத்தனை இரவு என்பதெல்லாம் என் பொறுப்பு. பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகளும் என் அம்மாவும். அம்மாவுக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு மாலையில் ஓட இடம் வேண்டும். இந்த மூவரை மனத்தில் வைத்துத்தான் என் கணக்கு முழுவதும் ஓடும்.

மெக்சிகோவில் இரவில் நெடுஞ்சாலையில் இருக்கக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். குற்றச் செய்திகளை மட்டும் நினைத்துச் சொல்வது அல்ல அது. ஒவ்வொரு சிற்றூரின் நுழைவாயிலிலும் வேகத்தடை இருக்கும். பலவற்றுக்கு வண்ணமும் கிடையாது, எச்சரிக்கைப் பலகையும் கிடையாது. மேய்ச்சலுக்கு விட்ட மாடும் கழுதையும் வெப்பம் தங்கிய தாரின் மேல் நிற்கும். பின்விளக்கு எரியாத லாரி முன்னால் ஊர்ந்து போகும். வழியில் வண்டி நின்றுபோனால் உதவிக்கு வரும் ‘ஆங்ஹெலெஸ் வெர்தெஸ்’ பச்சை வண்டிகள் அருமையான அரசுச் சேவை. 078 என்று அழைத்தால் போதும். ஆனால் அவர்களும் ரோந்து வருவது பெரும்பாலும் பகலில்தான். ஆகவே நாலு மணிக்கு அறைச் சாவி கையில் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் காலையில் கிளம்பும் நேரத்தைக் குறிப்பேன்.

பின்னோக்கி எண்ணும்போது கிலோமீட்டரை நம்பக்கூடாது. கட்டணச் சாலையில் சாப்பாடு, கழிப்பறை எல்லாம் சேர்த்து மணிக்கு எண்பது வரை கணக்கு வைக்கலாம். இலவசச் சாலையில், அதுவும் மலையில், அதில் பாதி. சியாபாஸ் மாநிலத்தில் சான் கிறிஸ்தோபாலிலிருந்து பலென்கேவுக்கு இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஒக்கோசிங்கோ வழியாகப் போகும் அந்தச் சாலையில் வேகத்தடைகளும் வளைவுகளும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஊர்க்காரர்கள் கயிறு கட்டி மறியல் செய்தால் இன்னும் கூடும். அந்தத் தூரத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குவேன். மாறாகச் சாலை புதிதாகும்போது பழைய கணக்கைக் கிழித்துப் போட வேண்டும். வஹாக்கா நகரிலிருந்து பசிபிக் கரைக்கு மலைவழியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2024 தொடக்கத்தில் திறந்த புதிய நெடுஞ்சாலை அதை மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. இடையில் மலையூரில் ஓர் இரவு தங்குவது அதுவரை கட்டாயம், இப்போது விருப்பம். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அந்தச் சாலை பெரிய வரம்.

சாலைதான் தங்குமிடத்தை உண்டாக்குகிறது என்பதை அந்த நாட்டின் பழைய வழித்தடம் சொல்லும். 1936இல் லாரேடோவிலிருந்து மெக்சிகோ நகருக்குப் பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை திறந்தபோது அது மான்டெர்ரே, சியுதாத் வாயெஸ், தாமாசுன்சாலே என்று கிழக்கு மலைத்தொடர் வழியாக இறங்கி ஏறிப் போனது. அந்த ஊர்களில் பயணிகளுக்கான விடுதிகள் முளைத்தன. பிறகு பீடபூமியின் மேலே சால்ட்டியோ, மாத்தேவாலா, சான் லூயிஸ் பொட்டோசி வழியாகப் போகும் 57ஆம் எண் சாலை வந்து போக்குவரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இன்று எல்லையிலிருந்து தெற்கே போகும் குடும்பங்களில் பலர் தூங்குவது அந்தச் சாலையோரம்தான்.

எங்கள் முதல் இரவு எப்போதும் சால்ட்டியோ. லாரேடோவிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதிகாலையில் கொலம்பியா பாலத்தில் கடப்போம். அது நுவேவோ லியோன் மாநிலத்துக்குள் நேராக இறக்கிவிடுவதால் நுவேவோ லாரேடோ ஊருக்குள் போக வேண்டியதில்லை. சுங்கத்தில் காருக்கான தற்காலிக இறக்குமதி அனுமதி, எங்களுக்கான சுற்றுலா அனுமதி, மெக்சிகோவில் செல்லும் காப்பீடு என்று காகித வேலை எவ்வளவு நேரம் இழுத்தாலும் நாலு மணி தவறாது. மான்டெர்ரே பெரிய நகரம். முதல் நாளே அதன் நெரிசலில் பிள்ளைகளைச் சிக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. சால்ட்டியோ சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேராலயத்தின் முன்னால் நடந்தால் காற்று குளிர்ந்திருக்கும்.

இரண்டாம் இரவைப் பற்றித்தான் எனக்கும் கணவருக்கும் நடுவே பேச்சு நீளும். ஒரே மூச்சில் சான் லூயிஸ் பொட்டோசி போய்விடலாம், நானூற்றைம்பது கிலோமீட்டர்தானே என்பார் அவர். பாலைநிலச் சாலை நேர்க்கோடு, முடியும்தான். நான் மாத்தேவாலாவில் நிறுத்தச் சொல்வேன். நடுவழியில் இருக்கிற ஊர் அது. மதியத்துக்குள் சேர்ந்தால் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இறங்கலாம். மறுநாள் காலையில் கற்பாதை ஏறி, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒற்றைவழி ஒகார்ரியோ சுரங்கம் வழியாக ரியால் தெ கத்தோர்செ என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊரைப் பார்த்துவரலாம். அதன் பிறகு தெற்கே இறங்கினால் சாலையோரத்தில் கடகரேகைச் சின்னம் வரும். பிள்ளைகள் ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம் வைத்து நிற்பார்கள். நானூற்றைம்பது கிலோமீட்டரை ஒரே நாளில் விழுங்கினால் இது எதுவும் கிடைக்காது.

ஊரை எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்று கேட்டால், மாலையைப் பார்த்து என்பேன். மெக்சிகோவின் பெரும்பாலான ஊர்களில் நடுவே ஒரு சதுக்கம், மரங்கள், இசைமேடை, ஒரு பக்கம் தேவாலயம் இருக்கும். வெயில் தாழ்ந்ததும் தாத்தா பாட்டிகள் பெஞ்சுகளில் வந்து அமர்வார்கள். சிறுபிள்ளைகள் இரவு பத்து மணி வரை ஓடுவார்கள். வேகவைத்த சோளமுத்துக்களைக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஒரு பந்து போதும். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் வயதைக் கேட்பார், பேரப்பிள்ளைகளைக் காட்டுவார். நடக்கும் தூரத்தில் இப்படி ஒரு சதுக்கம் இல்லாத விடுதியில், எவ்வளவு மலிவானாலும், நான் அறை எடுப்பதில்லை. புறவழிச்சாலை விடுதி தூங்குவதற்கு மட்டும்தான் ஆகும்.

ஆனால் சதுக்கத்துக்குப் பக்கத்தில் தங்கினால் காரை எங்கே விடுவது? காலனிக்காலத் தெருக்கள் ஒற்றைக் கார் அகலம். இரவு முழுவதும் ஆள் காவலில் கார் நிறுத்தத் தரும் ‘பென்சியோன்’ அருகில் இருக்கிறதா, எத்தனை மணிக்கு அதன் கதவைப் பூட்டுவார்கள், காலையில் எப்போது திறப்பார்கள் என்று அறை எடுக்கும் முன்பே கேட்டுவிடுவேன். குவானாஹ்வாத்தோவில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். பழைய ஆற்றுப்படுகையே அங்கே நிலத்தடிச் சாலை. சுரங்கங்கள் ஒன்றோடொன்று பிரியும். கைப்பேசியின் வழிகாட்டி உள்ளே செயலற்றுப்போகும். அந்த ஊரில் மேட்டில் உள்ள நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டுப் பையுடன் டாக்சியில் இறங்குவோம். மற்றொன்று: சாலையோரத்தில் ‘ஆட்டோ ஓட்டல்’ என்ற பலகையும் திரைபோட்ட கார்க் கொட்டகைகளும் தெரிந்தால் அவை மணிக்கணக்கில் ஜோடிகளுக்கு விடும் அறைகள். குடும்பத்தோடு அங்கே நுழைய வேண்டாம்.

நாள்காட்டியையும் ஊர்வாரியாகப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காவல் புனிதர், அவருக்கு ஒரு திருவிழா. சான் மிகேல் தெ அயெந்தேவில் செப்டம்பர் கடைசியில் விடியலுக்கு முன்பே வாணவேடிக்கை தொடங்கிவிடும். அந்த வாரம் அறை கிடைப்பது அரிது, தூக்கம் அதைவிட அரிது. திருவிழாவைப் பார்க்கவே போவதானால் இரண்டு இரவுக்குக் குறையாமல் எடுத்து, முற்றத்தின் பின்பக்க அறை கேட்பேன். டிசம்பர் 12 குவாதலூப்பே மாதாவின் நாள். அதற்கு முந்தைய நாட்களில் நெடுஞ்சாலை ஓரத்தில் யாத்திரிகர்கள் நடந்தும் சைக்கிளிலும் தீப்பந்தம் ஏந்தி ஓடியும் போவார்கள். அந்த நாட்களில் என் தினசரித் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுவேன். பக்தியோடு நடப்பவர்களின் பக்கத்தில் அவசரமாகப் போக மனம் வராது.

மெக்சிகோ நகருக்குள் காரைக் கொண்டுபோவதில்லை என்பது எங்கள் தீர்மானம். அங்கே வெளியூர் வண்டிகளுக்கும் ஓட்டக் கட்டுப்பாட்டு நாட்கள் உண்டு. கெரெத்தாரோவில் உறங்கி, ஆர்க்கோ நோர்த்தே கட்டணச் சாலையில் நகரைச் சுற்றிக்கொண்டு மதியத்துக்குள் புவெப்லா. அங்கே இரண்டு இரவு. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இப்படி இரண்டு இரவு வேண்டும். துணியை எடைபோட்டு வாங்கித் துவைத்து மடித்துத் தரும் சலவைக்கடையும் பக்கத்தில் இருக்க வேண்டும். காலையில் கொடுத்தால் மாலையில் கிடைத்துவிடும். புவெப்லாவில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குக் கிழக்கே 150டி சாலை கும்ப்ரெஸ் தெ மல்த்ராத்தா மலைச்சரிவில் ஒரிசாபா நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. பனிமூட்டம் சட்டென்று சூழும் இடம் அது; சரக்கு லாரிகள் பிரேக் சூட்டோடு இறங்கும். ஓட்டுபவர் நன்றாகத் தூங்கி எழுந்து பகல் வெளிச்சத்தில் இறங்க வேண்டிய சரிவு.

தெற்கே யுகத்தான் பக்கம் போனால் இரவைக் காலைக்காகத் தேர்ந்தெடுப்பேன். காலாக்முல் மாயன் நகரம் 186ஆம் எண் சாலையிலிருந்து அறுபது கிலோமீட்டர் காட்டுக்குள் இருக்கிறது. காலை வெயில் ஏறுமுன் கோபுரத்தின் மேலே நிற்க வேண்டுமென்றால் முந்தைய இரவு இஷ்புஹில் ஊரில் தங்க வேண்டும். எஸ்கார்சேகாவில் தொட்டியை நிரப்பிவிட்டு அங்கே போவோம். விடுதிக்காரம்மாவிடம் முதல்நாள் மாலையே சொல்லிவைத்தால் தோர்த்தியாவும் பீன்ஸும் பழமும் கட்டித் தருவார். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்க வேண்டாம் என்று அம்மாவுக்காக மறக்காமல் சொல்வேன். காட்டுப் பாதையில் குரங்குகளின் உறுமல் கேட்கும்போது பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

திரும்பும் வழியில் கடைசி இரவும் சால்ட்டியோதான். காரின் இறக்குமதி அனுமதிக்காக வைத்த முன்பணம், 2007 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் வண்டிக்கு 400 டாலர், திரும்பி வர வேண்டுமானால் எல்லையிலேயே அனுமதியை ரத்து செய்ய வேண்டும். அதற்கும் பாலத்தின் வரிசைக்கும் பகல் நேரம் மிச்சம் இருக்க வேண்டும். காலை ஆறரைக்கு எல்லோரையும் எழுப்புவேன்.