சாய்ந்த கோடு



சென்ற வாரம் முன்னாள் மாணவி ஒருத்தியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆடை வடிவமைப்பில் பட்டம் பெற்றிருக்கிறாள். கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தில் நேர்காணலாம். இணையத்தில் ஏற்றியுள்ள தன் படைப்புத் தொகுப்பைப் பார்த்துக் கருத்துக் கூறும்படி கேட்டிருந்தாள். எனக்குக் கூச்சமே மேலிட்டது. ஆறாம் ஆண்டில் அவள் கணிதப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பாவாடையும் சட்டையுமாக வரைந்திருந்ததைக் கண்டு, தாயாரைப் பள்ளிக்கு வரவழைத்துக் கண்டித்தவன் நான்தான். வெட்டுக்காட்டிலிருந்து நேரே வந்திருந்த அந்த அம்மா, பதில் பேசாமல் நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆடையலங்காரத்தில் எனக்கு என்ன தெரியும்? ஆயினும் ஆசிரியர் கல்விக் கழகத்தில் எங்களுக்குக் கலைக்கல்வி போதித்த விரிவுரையாளர், முடிந்த ஓவியத்தைவிட அதற்கு முந்தைய தாள்களையே கேட்டு வாங்கிப் பார்ப்பார். அந்தக் கண்ணோடு பார்த்தேன். முப்பதுக்கும் மேற்பட்ட நிழற்படங்கள், அத்தனையும் பளபளப்பு. ஆனால் முதல் கோட்டோவியம் இல்லை. துணி வெட்டுவதற்கு முன் வரையும் தாள் அச்சு இல்லை. முரட்டுப் பருத்தியில் தைத்துப் பார்த்த மாதிரியும் இல்லை. செய்தது அவள் கைதான் என்று பார்ப்பவர் எதைக்கொண்டு நம்புவார்?

பதினோராவது படத்தில் நின்றுவிட்டேன். சாம்பல் நிற மேற்சட்டை. இடத்தோளிலிருந்து வலப்புறம் கீழாக இறங்கும் ஒரே தையல். அடியில் 'மலைச்சரிவு' என்று குறிப்பு. மலையாவது, சரிவாவது! பால்மரம் பார்த்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஓடுவதில்லை, சற்றே சாய்ந்து ஓடுகின்றன. அதனால்தான் இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக, சுமார் 30 பாகைச் சாய்வில் உளியை இழுப்பார்கள்; அப்போதுதான் அதிகக் குழாய்கள் வெட்டுப்படும். அவள் தைத்திருந்தது அந்தக் கோடு.

தன்னைப் பற்றிய பக்கத்தில் 'சிரம்பான்' என்று மட்டும் எழுதியிருந்தாள். தோட்டத்தின் பெயர் இல்லை. எங்கள் பள்ளியும் இல்லை. இதற்காக அவளைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளை என்பதை மறைக்க நாம்தானே கற்றுக்கொடுத்தோம், 'நன்றாகப் படி, இல்லையேல் பால்மரம் வெட்டத்தான் போவாய்' என்று?

மூன்று முறை எழுதி அழித்து, நான்காம் முறை அனுப்பினேன். படங்களைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். வரைந்த தாள்களைச் சேர்க்கச் சொன்னேன். கிளந்தான் குவாலா கிராயில் மளிகைக் கடைக்காரர் மகனாகப் பிறந்து, 1989ஆம் ஆண்டு நியூயார்க்கில் சொந்த ஆடையகம் தொடங்கிய சாங் தோயைப் பற்றியும் எழுதினேன். 'மலைச்சரிவு' என்பதை மாற்றுவது உன் விருப்பம் என்றேன். கணிதப் புத்தகத்திற்காக மன்னிப்பும் கேட்டேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது:

"சார், அந்தச் சட்டையின் அளவை அம்மாவின் வெட்டுச் சட்டையிலிருந்துதான் எடுத்தேன். அதையும் படம் பிடித்துப் போடலாமா? பால்கறை அப்படியே இருக்கிறது. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. கறை தெரியாமல் மடித்து வைத்துப் படம் எடுக்கவா?"

மடிக்காதே என்று எழுதினேன். நேர்காணல் வரும் வியாழக்கிழமை.