அட்டன்பரோவும் தாத்தாவின் இனிஷியலும்

விண்ணப்பத்துல 'சர்நேம்' கட்டம் வந்தா அப்பா பேரைப் போட்டுட்டுப் போறவன் நான். நமக்குத் தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறும். இங்கிலாந்துல ஒரே பேர் நூற்றாண்டுக் கணக்கா ஓடுது.

'காந்தி' (1982) படம் எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோ ஞாபகம் இருக்கா? அந்தக் குடும்பப் பேர் அங்கேயே அபூர்வம். நாட்டிங்ஹாம் பக்கத்து அட்டன்பரோ கிராமத்துலேர்ந்து வந்தது.

பேர் மாதிரியே ஒய் குரோமோசோமும் அப்பாகிட்டேர்ந்து மகனுக்குப் போகும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் ரெண்டு பேரும் 40 குடும்பப் பேர்களை எடுத்து இதை ஒப்பிட்டு, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித்துன்னா கொல்லன். ஊருக்கு ஊர் கொல்லன் உண்டு, அதனால ஆளுக்கொரு வம்சம். அட்டன்பரோக்களிலோ, ஸ்பெல்லிங் மாறினாலும் பத்துல கிட்டத்தட்ட ஒன்பது ஆண்களுக்கு ஒரே வகை. எல்லாரும் ஒரே மூதாதையின் வாரிசுகள்!

சரி, அந்தப் பத்தாவது ஆள்? தத்துப் பிள்ளையா இருக்கலாம், அம்மா வழியில பேர் வாங்கினவரா இருக்கலாம்.

எங்க தாத்தாவும் தத்து வந்தவர்தான். வளர்த்தவரோட இனிஷியலைத்தான் கடைசிவரை கையெழுத்துல போட்டார். என்னைக் கேட்டா, அந்தப் பத்தாவது ஆளும் முழு அட்டன்பரோதான்.