சாலைக்கு அடியில் ஒரு லாயம்

சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில், ஜினான் நகரிலிருந்து கிழக்கே சிங்தாவ் துறைமுகத்துக்கு ஒரு விரைவுச்சாலை போகிறது. லின்ஸி என்ற ஊரருகே அந்தச் சாலைக்கு நேர் கீழே ஓர் அருங்காட்சியகம் உண்டு. மேலே லாரிகள் ஓடிக்கொண்டிருக்க, கீழே 10 தேர்களோடு 32 குதிரைகள் எலும்புக்கூடுகளாய்க் கிடக்கின்றன.

லின்ஸி இன்று ஸிபோ மாநகரின் ஒரு பகுதி. ஒரு காலத்தில் அது ச்சீ நாட்டின் தலைநகரம்; 600 ஆண்டுகளுக்கு மேல் அரசிருந்த ஊர். சாலை போடுவதற்கு முன்பு ஹௌலி கிராமத்தருகே தொல்லியலாளர்கள் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். 1990இல் தேர்க்குழிகள் வெளிப்பட்டன. காலம் கி.மு. 770க்கும் 476க்கும் இடைப்பட்டது.

பெரிய குழியில் தேர்கள் தெற்கு வடக்காக ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆறு தேர்களுக்கு நந்நான்கு குதிரைகள், நான்கு தேர்களுக்கு இரண்டிரண்டு. பக்கத்துச் சிறிய குழியில் இன்னும் 3 தேர்கள், 6 குதிரைகள். மிரண்டு திமிறிய அடையாளமின்றி அவை ஒழுங்காகக் கிடப்பதால், கொன்ற பிறகே கிடத்தியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். சில குதிரைகளின் தலையில் வெண்கலமும் சோழியும் கோத்த அலங்காரம் அப்படியே இருந்தது. சாகப்போகும் குதிரைக்கும் யாரோ ஒருவர் கடைசியாக அதைப் பூட்டி, வாரை இழுத்துச் சரிபார்த்திருப்பார் அல்லவா?

எலும்பு நிலைத்தது, தேரின் மரம் மக்கிவிட்டது. ஆனால் மரம் இருந்த இடத்தில் மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறியிருந்தன. அந்த வேறுபாட்டைக் கண்ணாலும் விரலாலும் உணர்ந்து, சுற்றியுள்ள மண்ணை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். சக்கரத்தின் வட்டை, ஆரக்கால், ஏர்க்கால், நுகத்தடி எல்லாம் மண்ணுருவமாகவே எழுந்தன. ஒரு புல்டோசர் ஒரே ஒரு முறை அந்த மண்மேல் ஓடியிருந்தால், அங்கே தேர் இருந்ததற்குச் சுவடே இருந்திருக்காது.

அன்றைய சீனாவில் ஒரு நாட்டின் வலிமையைத் தேர்க் கணக்கில்தான் அளந்தார்கள். பெரிய நாட்டுக்கு 'ஆயிரம் தேர் நாடு' என்றே பெயர். அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவை குதிரைகள். லின்ஸியிலேயே, கி.மு. 547 முதல் 490 வரை ஆண்ட ஜிங் கோமகனுடையது என்று கருதப்படும் கல்லறையைச் சுற்றி 215 மீட்டர் நீளத்துக்குக் குதிரைக்குழி ஓடுகிறது. தோண்டிய பகுதியில் மட்டும் 228 குதிரைகள். மொத்தம் 600 இருக்கலாம் என்பது கணிப்பு. பெரும்பாலானவை ஐந்து முதல் ஏழு வயதுக்குட்பட்டவை; ஓடி உழைக்கும் பருவம். ஆயிரக்கணக்கில் குதிரை வைத்திருந்தும், அவன் இறந்தபோது புகழ்ந்து சொல்ல மக்களுக்கு ஒரு நற்குணமும் கிடைக்கவில்லை என்கிறது கன்ஃபூசியஸின் போதனைகளைத் தொகுத்த நூல்.

ஹௌலியில் சாலையையும் கைவிடவில்லை, குழியையும் மூடவில்லை. குழியின் மேல் கூரை எழும்பி, அதன் மேல் சாலை போயிற்று. 1994இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வளர்ச்சிக்குத் தொல்லியல் தடை என்று எங்கே யார் சொன்னாலும், இந்த இடத்தைச் சுட்டிக்காட்டலாம். முதலில் தோண்டிப் பார்க்கப் பொறுமை வேண்டும். கிடைத்ததற்கு இடம்விட மனம் வேண்டும்.

குழியிலுள்ள குதிரைகளின் தலைகள் மேற்கு நோக்கியிருக்கின்றன. அவற்றின் மேலே, ஜினானுக்குப் போகும் வண்டிகளும் அதே திசையில்தான் போகின்றன.